இந்தச் சர்க்கரை வேறு!

(ஜொகூரில் பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரை)



சர்க்கரை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இனிப்பு நீர்தான். வராமல் இருக்குமா? 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயது வந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. பத்துப் பேரில் மூவர்! ஆனால், இன்று நான் சொல்ல வந்தது ரத்தத்தில் உள்ள வேறொரு சர்க்கரையைப் பற்றி. தே தாரிக்கை நிறுத்தினாலும் இது குறையாது.

கிருமிகளை எதிர்க்க நம் உடல் ஆன்டிபாடி எனும் எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கிறது. ரத்தத்தில் அதிகம் உள்ள வகை ஐஜிஜி. அதன் தண்டுப் பகுதியில் ஒரு சிறிய சர்க்கரைச் சங்கிலி ஒட்டியிருக்கும். சங்கிலியின் நுனியில் கேலக்டோஸ் இருந்தால் ஆன்டிபாடி நிதானமாக வேலை செய்யும். நுனி மொட்டையாக இருந்தால் அழற்சியைத் தூண்டும் பக்கம் சாயும். முடக்குவாத நோயாளிகளிடம் இந்த மொட்டை நுனிகள் அதிகம் என்பது 1985இலேயே தெரிய வந்தது.

சிறுநீரகத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு? லண்டனில் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களின் ஐஜிஜியில் சர்க்கரை அமைப்பு மாறியிருந்தது. ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் சிறுநீரகம் தளர்ந்திருந்த இடத்திலும் சில வேறுபாடுகள் தென்பட்டன. ஆக, பரம்பரை மட்டுமே காரணமல்ல.

இன்னொரு உதாரணம், ஐஜிஏ சிறுநீரக நோய். 1968இல் பாரிஸ் மருத்துவர் ஜான் பெர்ஜே அடையாளம் காட்டியது. இதில் ஐஜிஏ எனும் ஆன்டிபாடியில் கேலக்டோஸ் குறைகிறது. உடல் அதை அந்நியமாக நினைத்து எதிர்க்கிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு, சிறுநீரக வடிகட்டிகளில் போய்ப் படிகின்றன. கிழக்காசிய மக்களிடையே இந்நோய் அதிகம்.

அப்படியானால் நாளைக்கே கிளினிக்கில் இந்தச் சோதனையைக் கேட்கலாமா? வேண்டாம். வயதானாலும் வாதம் வந்தாலும் ஐஜிஜி சர்க்கரை மாறும். அதை மட்டும் வைத்துச் சிறுநீரகத்தைக் குறை சொல்ல முடியாது. ‘உடலின் உண்மையான வயதைச் சொல்கிறோம்’ என்று இதே சர்க்கரையை அளந்து கட்டணம் வாங்கும் சோதனைகள் உண்டு. அவை சிறுநீரகச் சோதனை ஆகா.

பிறகு ஏன் இந்த ஆராய்ச்சி? ரத்தத்தில் கிரியேட்டினின் தெளிவாக உயர்வதற்குள் சிறுநீரகம் ஏறக்குறைய பாதித் திறனை இழந்திருக்கலாம். அதற்கு முன்பே எச்சரிக்கும் அடையாளத்தைத்தான் விஞ்ஞானிகள் தேடுகிறார்கள்.

நம்மிடம் உள்ள சோதனையையே நாம் பயன்படுத்துவதில்லை என்பதுதான் வேதனை. ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் சிறுநீரக நிபுணர் டாக்டர் ஹூய் லாய் சியோங் தலைமையிலான குழு, 2011இல் தீபகற்ப மலேசியாவில் 9.07 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பதைக் கண்டது. 2018 ஆய்வில் அது 15.48 விழுக்காடு. நோய் உள்ளவர்களில் அதை அறிந்திருந்தோர் முதலில் நூற்றுக்கு நால்வர், பிறகு ஐவர். மற்ற 95 பேருக்குத் தெரியவே தெரியாது!

“கால் வீங்கினால் பார்த்துக்கொள்ளலாம்” என்போர் நம்மில் பலர். கால் வீங்கும்போது, பலருக்கு டயாலிசிஸ் நாற்காலி வெகுதூரத்தில் இருப்பதில்லை. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். வேலை, குடும்பம் எல்லாம் அதைச் சுற்றியே ஓடும்.

இனிப்பு நீரும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பாருங்கள். வலி மாத்திரைகளைக் கேட்பாரின்றி விழுங்காதீர்கள். அடுத்த முறை கிளினிக் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “டாக்டர், என் சிறுநீரில் அல்புமின் பார்த்தீர்களா?”

அம்மா அப்பாவுக்காகவும் கேளுங்கள்.