குழந்தைக்கு ஜுரமா? காலையிலேயே சொல்லிவிடுங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பி பிளாக்கில் தன் வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்தும் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்.)

செயலாளர் சார் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

என் வீட்டில் ஒன்பது குழந்தைகள். ஒரே ஹால், ஒரே பொம்மைக் கூடை. சளி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகத்தான் செய்யும். வெறும் மூக்கொழுகலுக்கெல்லாம் திருப்பி அனுப்பினால் ஐப்பசி, கார்த்திகையில் ஹாலே காலியாகிவிடும். குழந்தை சாப்பிட்டு, விளையாடிக்கொண்டிருந்தால் தாராளமாக விட்டுப் போங்கள்.

என் சங்கடம் வேறு. காலையில் 101 டிகிரி. பாராசிட்டமால் சிரப் கொடுத்து எட்டரைக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்த மருந்து நான்கிலிருந்து ஆறு மணி நேரம்தான் தாங்கும். மதியத்துக்குள் உடம்பு மறுபடி அனலாகக் கொதிக்கிறது. நான் போன் செய்தால் அம்மா சிறுசேரியில் மீட்டிங்கில் இருப்பார். அவர் வந்து சேர்வதற்குள் எட்டு மாதக் கைக்குழந்தை அதே பொம்மையை வாயில் வைத்திருக்கும்.

ஜுரத்தை மறைப்பதைவிட மருந்தை மறைப்பதுதான் எனக்கு அதிக பயம். காலையில் கொடுத்தது தெரியாமல் நான் இன்னொரு வேளை கொடுத்தால் என்ன ஆவது? பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலுக்குக் கெடுதல். அதனால் உங்களைக் கேட்காமல் ஒரு சொட்டு மருந்துகூட நான் கொடுப்பதில்லை. எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி என்று ஒரு மெசேஜ் போட்டால் போதும். திட்ட மாட்டேன்.

ஏன் மறைக்கிறார்கள் என்றும் தெரியும். லீவு கிடைப்பதில்லை. அதிலும் லீவு போடுவது எப்போதும் அம்மாதான். அப்பாக்களின் நம்பரும் என்னிடம் இருக்கிறது, இனி அதற்கும் அடிப்பேன். (சிரிப்பு)

ஆகவே என் விதிகள். 100.4-க்கு மேல் இருந்தால் வேண்டாம். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் ஜுரம் இல்லை என்றால் வரலாம். வாந்தி, பேதிக்கும் அது நின்று ஒரு முழு நாள் கழிய வேண்டும். மெட்ராஸ் ஐ என்றால் கண் தெளிந்த பிறகு.

அம்மை போட்டால் வேப்பிலை வைப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் அவரவர் வீட்டு வழக்கம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் என் கணக்கு தண்ணீர் ஊற்றிய நாள் அல்ல. கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது ஒட்ட ஆரம்பித்துவிடும் என்பதால், தெரிந்த அன்றே சொல்லுங்கள். இந்தக் குடியிருப்பில் கர்ப்பிணிகளும் இருக்கிறார்கள். குழந்தையின் பெயரைச் சொல்லாமல் மற்ற பெற்றோருக்குத் தகவல் கொடுப்பேன்.

கை, கால், வாயில் கொப்புளம் வரும் நோயைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தக்காளிக் காய்ச்சல் என்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்தினார்களே, அதுதான். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே சரியாகிவிடும். ஆனால் கொப்புளம் ஆறிய பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் அந்தக் கிருமி இருக்கும். அதனால் டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இந்தக் கிருமிக்கு சானிடைசரை நம்பி இருக்க முடியாது. லிப்ட் பொத்தானை அமுக்கும் கைகளும் இவைதானே.

பணத்தைப் பற்றியும் கேட்டார்கள். வராத நாட்களுக்குச் சாப்பாட்டுக் காசைக் கழித்துவிடுகிறேன். முழுக் கட்டணத்தையும் கழிக்க முடியாது. உதவிக்கு வரும் அக்காவுக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். எனக்கே ஜுரம் வந்தால் அன்று காப்பகம் கிடையாது. முடிந்தவரை முந்தைய இரவே சொல்லிவிடுவேன்.

சங்க அலுவலகத்தில் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். அவசரத்துக்கு அரை மணி நேரத்தில் வந்து குழந்தையை அழைத்துப்போகக்கூடிய இன்னொருவரின் பெயரும் நம்பரும் வேண்டும். தாத்தா, பாட்டி, பக்கத்து பிளாட் அக்கா, யாராக இருந்தாலும் சரி. அவரிடம் முதலில் கேட்டுவிட்டு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்.