வில்லாந்திரி மாளிகையும் அதன் தோட்டமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிரான்சு நாட்டில், லுவார் ஆற்றுப் பகுதியில், தூர் நகருக்கு மேற்கே உள்ள வில்லாந்திரி மாளிகையைக் கண்டு வந்தோம். அதைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

மன்னர் முதலாம் பிரான்சிசின் நிதியமைச்சராக விளங்கியவர் ழான் லெ பிரெத்தோன். அவர் அங்கிருந்த பழங்கோட்டையை இடித்து, காவற் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்து, 1536ஆம் ஆண்டளவில் இம்மாளிகையைக் கட்டி முடித்தார். முற்றத்தின் மூன்று புறமும் கட்டடங்கள். போருக்கென அன்றி வாழ்வுக்கென அமைந்த அகன்ற சாளரங்கள்.

ஆயினும் நம் கண்ணைக் கவர்வது தோட்டமே. காய்கறித் தோட்டம் ஒன்பது சதுரங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. அளவில் ஒன்றாயினும் கோலத்தில் ஒவ்வொன்றும் வேறு. செந்நிற முட்டைக்கோசு, பீட்ரூட் இலை, காரட் தழை ஆகியவையே வண்ணப்பொடிகள்! வாசலில் கோலமிடும் நம் தாய்மார்கள் இதன் அருமையை எளிதில் உணர்வார்கள். ஆண்டுக்கு இருமுறை நடுகிறார்கள். மண் வளம் குன்றாதிருக்கப் பயிர்களை மாற்றி மாற்றி இடுகிறார்கள். நடுவே நிற்கும் ரோசாச் செடிகள், தம் பாத்திகளைக் கொத்தும் துறவியரைக் குறிக்கும் என்பது பழைய மரபு.

மேலடுக்கில் கத்தரித்த பசும் புதர்களால் நால்வகைக் காதலைத் தீட்டியுள்ளனர். மென்காதலுக்கு இதயங்கள், துயரக் காதலுக்கு வாளின் அலகுகள்.

இத்தோட்டம் இடையறாது வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய அமைப்பை அழித்து, ஆங்கிலப் பாணிப் பூங்காவாக்கிவிட்டனர். 1906இல் மாளிகையை வாங்கிய ஹோவாக்கின் கர்வாயோ ஸ்பெயின் நாட்டு மருத்துவ ஆய்வாளர். அவர் மனைவி ஆன் கோல்மன் அமெரிக்கப் பெண்மணி. கர்வாயோ தம் ஆராய்ச்சிப் பணியைத் துறந்தார். பழைய வரைபடங்களையும் நிலத்தில் எஞ்சிய தடயங்களையும் துணைக்கொண்டு தோட்டத்தை மீண்டும் எழுப்பினார். அவர் வழியினரே இன்றும் அதைப் பேணுகின்றனர்.

புதிதாக எழுப்பியது பழைமையாகுமா என்று சிலர் வினவலாம். அங்குள்ள 1,000க்கு மேற்பட்ட லிண்டன் மரங்களைக் குளிர்காலந்தோறும் கையால் கத்தரிக்கிறார்கள். ஓராண்டு விட்டாலும் வடிவம் கலையும். ஆகவே, எந்தத் தோட்டமும் ஆண்டுதோறும் புதிதாக ஆக்கப்படுவதே. ஆக்குவோர் உள்ளவரையே அது பழைமையாய் நிற்கும்.

பிறந்த மண்ணைவிட்டு வந்த இருவர், குடியேறிய நாட்டின் செல்வத்தைக் காத்தனர். நமக்கோ கடமை இரண்டு: வாழும் ஊரின் பெருமையையும் பேணவேண்டும், நம் மனைகளில் தமிழையும் நாள்தோறும் நட்டு வளர்க்கவேண்டும். பிள்ளைகளின் நாவில் விளையாத தமிழ், நம் நினைவில் மட்டும் நெடுநாள் வாழாது.