சிறையும் வைசூரியும்



துன்பத்தைக் கிறிஸ்தவர் எவ்விதம் நோக்குகின்றனர் என்பது பற்றிப் பேசும்படி பணிக்கப்பட்ட எனக்கு, பிரசங்க பீடத்திலே வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானங்கள் இவ்விடத்தில் எடுபடா என்பது நன்கு தெரியும். 1983 ஆடிக் கலவரத்திலே வீடுவாசலிழந்து இவ்வூர் இரத்மலானை விமானத்தளத்தில் அகதிகளாய்த் தஞ்சம் புகுந்தவர்களும், 2019 ஏப்பிரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலே உயிர்ப்பு ஞாயிறு பூசைக்குச் சென்ற உறவினரைப் பறிகொடுத்தவர்களும் இச்சபையில் இருக்கக்கூடும். அவர்தம் முகம் பார்த்து, 'எல்லாம் தேவ சோதனை' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. விவிலியத்திலே துன்புற்ற யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாது அவனருகே தரையில் அமர்ந்திருந்தவரையில் உத்தம நண்பர்களாகவே இருந்தார்கள். வியாக்கியானம் சொல்லத் தொடங்கிய பின்னரே கெட்டார்கள்.

ஆதலால் வியாக்கியானத்தை விடுத்து, ஒருவருடைய சரித்திரத்தைச் சொல்லுகிறேன்.

ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்கக் குருமார் இலங்கையில் கால்வைக்கலாகாதென்ற தடை நிலவிய காலத்தில், கோவாவிலே பிராமணக் குலத்துக் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த யோசப் வாஸ் முனிவர், 1687இல் கூலியாள் வேடம் பூண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் பசியும் சீதபேதியும் அவரை வீழ்த்தின. குருவென்று சொன்னாற் சிறை. சொல்லாவிடின் அவரும் ஆயிரம் பிச்சைக்காரரில் ஒருவர். உடல் தேறியதும் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குச் சென்று, அதனைக் கண்டு யார் கண் கலங்குகிறதென்று பார்த்தே மறைந்து வாழ்ந்த விசுவாசிகளைக் கண்டுபிடித்தார். சில்லாலைக் கிராமம் அவரை ஏற்றுக் காத்தது.

1692இல் கண்டி இராச்சியத்துக்குச் சென்றவரைப் போர்த்துக்கேயரின் ஒற்றரென்று சந்தேகித்துச் சிறையிட்டார்கள். அங்கே அவர் செய்தது என்ன? வெளியே திரிந்திருந்தால் ஓய்வு கிடைத்திராத மனிதர், உள்ளேயிருந்து சிங்களம் கற்றார். சிறை நன்மைக்காகவே அனுப்பப்பட்டதென்று நான் சொல்லமாட்டேன்; அநியாயம் அநியாயமே. அந்த அநியாயத்தின் நாட்களை அவர் வீணே கழியவிடவில்லை, அவ்வளவுதான்.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. அரசனும் பிரபுக்களும் நகரைவிட்டு அகன்றனர்; பெற்றோர் பிள்ளைகளையும், பிள்ளைகள் பெற்றோரையும் காட்டிலே விட்டு ஓடினர். முனிவரும் அவர் மருமகனாகிய கர்வாலோ அடிகளும் அவர்களுக்குக் குடிசை அமைத்து, கஞ்சி ஊட்டி, சீழ் வடியும் புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தார்கள்; கிறிஸ்தவரா பௌத்தரா என்று கேட்கவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்திலே நாதியற்ற நோயாளியாய்த் தாம் கிடந்ததை அக்கைகள் மறந்திரா என்பது என் ஊகம். சரித்திரகாரர் இதற்குச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை. ஆயினும் சிலுவையைப் பற்றிய வேதசாஸ்திர நூல்கள் பலவற்றைக் காட்டிலும் அக்குடிசைகளே என் அறிவுக்கு எட்டுகின்றன. 'வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே' என்றழைத்த இயேசு தாமும் வருந்தியவரன்றோ!

சந்தேகித்துச் சிறையிட்ட அதே அரசன், விமலதர்மசூரியன், பின்னர் அவருக்கு ஆதரவாளனானான். மேற்றிராணி நிலைக்கு உயர்த்த வந்த அழைப்பையும் மறுத்த முனிவர், கோவாவுக்குத் திரும்பாமலே 1711 ஜனவரி 16இல் கண்டியிற் காலமானார். அவரைப் புனிதராகப் பிரகடனப்படுத்தும் வைபவம் 2015இல் காலிமுகத்திடலிலே நடந்தது. இங்கிருந்து போனவர்களும் பலர் உண்டு.