கம்பளைக் கிளையிலிருந்து அமைச்சரவை வரை

(கண்டியில் நடைபெற்ற தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சௌமியமூர்த்தி தொண்டமான் 1913இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். படித்தது நம் கம்பளையில். இலங்கை இந்தியன் காங்கிரசின் கம்பளைக் கிளைத் தலைவராகவே பொதுவாழ்வுக்கு வந்தார். ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில், 1940 ஜனவரியில், கோவிந்தன் பொலிஸ் குண்டுக்குப் பலியான காலம் அது.

1947இல் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1978இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசில் அமைச்சரானார்.

அந்தப் பதவி நமக்கு என்ன தந்தது? 1983 ஜூலையில் அவர் அமைச்சரவையில்தான் இருந்தார். கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தன. பதவி மட்டும் நம்மைக் காக்கவில்லை.

1984 ஏப்ரலில் அமைச்சராக இருந்துகொண்டே வேலைநிறுத்தத்தில் நம்மோடு நின்றார். நாம் கொழுந்துக் கூடையைக் கீழே வைத்தோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் அதன் பின்புதான் வந்தது. 1988இல் நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டமும் வந்தது. உள்ளே அவர் பேசினார். வெளியே நாம் ஒன்றாக நின்றோம். இரண்டும் சேர்ந்தபோதே பலன் கிடைத்தது.

1999இல் அவர் மறைந்தார். லயத்து மண் இன்னும் நம்மில் பெரும்பாலோர் பெயரில் இல்லை. யார் அமைச்சரானாலும் கேட்க வேண்டியது நாமே. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, காணி உறுதி இல்லாத குடும்பங்களின் பட்டியலைத் தோட்டவாரியாகக் கொண்டு வாருங்கள். அதை மாதர் தலைவிகளே வாசிக்கட்டும்.