தொற்றுநோயும் பயிற்சிக் கூடத்து ஒழுக்கமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



நமது மண்டபத்தில் மாலை வேளைகளில் யூடோ வகுப்பு நடக்கத் தொடங்கிய பின்னர் அதன் நன்மைகளைப் பற்றி இம்மேடையிலே பலர் பேசிவிட்டார்கள். தேகம் உறுதிபெறும், மனம் ஒருமைப்படும், பெண்பிள்ளைகளுக்குத் துணிவு பிறக்கும் என்றெல்லாம் கேட்டோம். அவையாவும் உண்மையே. சிறியேன் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ அத்துணை இனிமையானதன்று. தொற்றுநோய் ஒன்று தன்னைப் பிடித்திருக்கும்போது ஒருவன் பயிற்சிக் கூடத்திலே எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதே அது. சொறி, படை, சளி என்று மேடையில் நின்று பேசுவது சிலருக்கு அருவருப்பாயிருக்கலாம். பொறுத்தருள வேண்டும்.

யூடோ வகுப்பு எப்படித் தொடங்குகிறது என்பதைப் பெரியோர் பலர் வாயிலில் நின்று பார்த்திருப்பீர்கள். விரிப்பில் கால் வைக்குமுன் வணங்குகிறோம். ஆசிரியரை வணங்குகிறோம். பின்பு ஒவ்வொரு முறையும் எதிரே நிற்பவனை வணங்கிய பின்னரே அவனைத் தொடுகிறோம். யப்பானியர் இதனை 'ரெய்' என்பர். 1882ஆம் ஆண்டிலே டோக்கியோவில் கோடோகன் என்னும் கூடத்தை நிறுவி இக்கலையை வகுத்த கானோ ஜிகோரோ, இதற்கு அடிப்படையாக வைத்த கொள்கைகளுள் ஒன்று 'ஜிதா கியோயி' என்பது. தானும் பிறரும் கூடி நலம் பெறுதல் என்று அதற்குப் பொருள் கூறலாம். இது வெறும் அலங்கார வார்த்தையன்று. விழுவதற்குச் சம்மதிக்கும் ஒருவன் இல்லாவிட்டால் வீழ்த்துவதற்கு நான் பழக முடியாது. அவன் தன் கழுத்தையும் முதுகையும் என் கையிலே நம்பித் தருகிறான். அந்த நம்பிக்கைக்குத்தான் வணக்கம்.

அப்படி வணங்கிவிட்டு நான் செய்த ஒரு காரியத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன். பிறர் குற்றத்தைச் சொல்லி உங்களைத் திருத்த வந்தவனல்லேன்.

பல்கலைக்கழகத்திலே நான் யூடோ பழகுகையில் ஒருமுறை என் வலது முன்கையின் உட்புறத்தில் ஒரு சதக் காசளவில் சிவந்த வட்டம் ஒன்று தோன்றியது. ஓரம் தடித்து, நடு வெளிறி, அரிப்பு எடுத்தது. படர்தாமரை என்று தெரியாமலில்லை. ஆயினும் போட்டிக்கு மூன்று கிழமைகளே இருந்தன. மருந்துக்கடையில் நானாகவே ஒரு களிம்பை வாங்கிப் பூசினேன். இரண்டு நாளில் சிவப்பு மங்கிற்று. யூடோ அங்கியின் கை நீளமானது, மறைத்துக்கொண்டு போனேன். அக்காலத்தில் என்னோடு பழகியவன் முதலாம் வருட மாணவன் ஒருவன். கிடைப்பிடிகளுள் 'கெசா கதாமே' என்று ஒன்றுண்டு. கீழே கிடப்பவனுடைய கழுத்தைச் சுற்றி வலக்கையைப் போட்டு இறுக்கிப் பிடிப்பது. அதை நாளுக்கு இருபது தரம் அவன் கழுத்தில் பழகினேன். அங்கியின் கை மேலேறிவிடும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பத்து நாட் கழித்து அவன் பிடரியிலே அதே வட்டம். நேர்மையான பையன், அன்றைக்கே வைத்தியரிடம் போனான், வைத்தியர் சொற்படி விரிப்பை விட்டு நீங்கினான். முதன்முதலாக அணிக்குத் தெரிவாகியிருந்தவன் போட்டியில் இறங்கவில்லை. எனக்கு வெளித்தோற்றத்தில் ஒன்றுமில்லை, நான் இறங்கினேன். அது மட்டுமன்று. என் கையில் வட்டம் முன்னையிலும் பெரிதாக மீண்டும் எழுந்ததை ஒருநாள் அவன் கண்டுவிட்டான். கண்டவன் என்ன கேட்டான் தெரியுமா? "அண்ணை, என்னாலை உங்களுக்கும் தொத்திப்போட்டுதோ?" என்று கேட்டு மன்னிப்பும் கேட்டான். உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் நான்கு நாட் சென்றது. தோற்ற போட்டிகளை மறந்துவிட்டேன். அந்த நான்கு நாட்களை மறக்க முடியவில்லை.

இனி விஷயத்தின் விஞ்ஞானத்தைச் சிறிது பார்ப்போம். படர்தாமரை புழுவினால் வருவதன்று; பங்கசினால் வருவது. தோலோடு தோல் உரசுவதாலும், துவாயினாலும், அங்கியினாலும், விரிப்பினாலும் பரவும். என்னைப்போல ஸ்டீரொயிட் களிம்பைப் பூசினால் சிவப்பு மறையும், பங்கசு மறையாது. மறைவிலே நன்கு வளரும். 2000ஆம் ஆண்டுக்குப் பின் யப்பானிய யூடோ வீரரிடையே தலைத்தோலையும் உடம்பையும் பற்றும் ஒருவகைப் பங்கசு பரவி, அந்நாட்டு வைத்தியர்கள் கூடங்கூடமாகச் சோதனை செய்ய நேர்ந்தது. வாயோரத்தில் நீர்க்கொப்புளம் எழுப்பும் ஹெர்பிஸ் வைரசின் சரித்திரம் இதனினும் கொடிது. 1989ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே நான்கு கிழமை மற்போர்ப் பயிற்சி முகாம் ஒன்றுக்கு வந்த 175 மாணவருள் 60 பேருக்கு அது தொற்றியது. பெரும்பாலோருக்குத் தலையிலும் முகத்திலும். மல்லர்கள் முகத்தோடு முகம் வைத்துப் பிடிப்பதன் பலன் அது. ஒருமுறை புகுந்தால் அவ்வைரசு நரம்பிலே ஆயுள் முழுதும் குடியிருக்கும். முகாம் முடிந்தது, வைரசு அவர்களோடு வீட்டுக்குப் போயிற்று.

தடிமன், காய்ச்சல் வேறு வகை. அவற்றுக்குத் தோல் தொடவேண்டியதில்லை. மூடிய மண்டபத்தில் முப்பது பேர் மூச்சு வாங்குவதே போதும். இங்கேதான் நமது பனடோல் வீரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு மாத்திரை போட்டால் உடம்புச் சூடு தணியும். நோய் தணிந்ததென்பது அதன் பொருளன்று. மாத்திரையின்றியே 24 மணி நேரமாயினும் காய்ச்சல் இல்லாமலிருந்தால் மட்டுமே வெளியே வருவதைப் பற்றி யோசிக்கலாம். கடும்பயிற்சிக்கு அதுவும் போதாது. வைரசுக் காய்ச்சலோடு உடம்பை வருத்தினால் சிலவேளை இருதயத் தசையே அழற்சியுற்று உயிருக்கு ஆபத்தாகும் என்பதை வைத்தியம் அறிந்தவர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

தோல் நோயைப் பொறுத்தவரை மற்போர் விளையாட்டில் நெடுநாள் அனுபவத்தால் வந்த கணக்குகள் உண்டு. உடம்பிலே படர்தாமரை எனின் சரியான மருந்தைப் பூசத் தொடங்கி 72 மணி நேரமாவது கழியவேண்டும். தலையில் எனின் உள்மருந்து 14 நாட்கள். சீழ்க்கொப்புளம் எனின் மருந்து 72 மணி நேரம் உட்கொண்டிருப்பதோடு, கடைசி இரண்டு நாளில் புதிதாக எதுவும் எழுந்திருக்கலாகாது. கொப்புளிப்பான் கண்டவன் கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை வரலாகாது. எதுவாயினும் வைத்தியர் பார்த்துச் சொல்லவேண்டும். ஆசிரியரோ, அணித்தலைவனோ, என்னைப்போன்ற மாணவனோ சொல்வது செல்லாது.

தொற்றாத நோயைத் தொற்றென்று எண்ணி ஒருவனை ஒதுக்குவதும் மரியாதையீனமே. வெண்புள்ளி தொற்றாது. தேமலும் தொற்றுவதில்லை. சொரியாசிசு என்னும் செதில் நோயும் தொற்றாது. டெங்குக் காய்ச்சல் நுளம்பினால் வருவது. பக்கத்தில் இருப்பதால் வராது. (ஆனால் டெங்கு கண்டவனுக்கு இரத்தத் தட்டுக்கள் குறைந்திருக்கும். வைத்தியர் அனுமதியின்றி விழுந்தெழும்பக் கூடாது. அது அவன் நன்மைக்காக.) ஒருவன் தோலிலே ஏதேனும் கண்டால் அணிவகுப்பில் நிற்கவைத்து எல்லாருங் கேட்கச் சொல்லலாமா? தனியே அழைத்து மெதுவாகக் கேட்பதே மூத்தவர்களின் கடமை. பெண்பிள்ளைகளிடம் பெண்களே கேட்கவேண்டும். பலர் கேட்க வெட்கப்படுத்தினால் அடுத்தமுறை எல்லாரும் நான் செய்ததையே செய்வார்கள், மறைப்பார்கள்.

நாம் ஏன் மறைக்கிறோம்? நான் படித்தது ஒரு மிஷன் கல்லூரியிலே. ஆண்டிறுதியில் ஒருநாளும் தவறாது வந்தவர்களுக்கென்று ஒரு பரிசு உண்டு. நான் மூன்று முறை பெற்றேன். அவற்றுள் ஒன்று சின்னமுத்துக்கு முந்திய காய்ச்சலோடு வகுப்பிலிருந்து பெற்றது. எத்தனை பேருக்குக் கொடுத்தேனோ, யாருங் கணக்கெடுக்கவில்லை. என் வரவை மட்டும் கணக்கெடுத்தார்கள். பயிற்சிக் கூடத்திலோ இதற்கு வீரம் என்று பெயரிட்டுவிட்டோம். "முந்தியெல்லாம் சிலம்படிக்கிறவை இப்படித் தடிமனுக்குப் பயந்தவையோ?" என்று பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார். ஐயா அவர்கள் இச்சபையிலும் இருக்கிறார், கோபிக்கமாட்டார். சிலம்பத்திலே இருவருக்கும் இடையே ஒரு தடியின் நீளம் இருக்கிறது. யூடோவில் அது இல்லை. மற்போரிலும் இல்லை. வட இந்திய மல்லர் கூடங்களிலே பொருதும் மண்ணுக்குள் மஞ்சளும் எண்ணெயும் மோரும் வேப்பிலையும் கலப்பார்கள். ஒரே மண்ணிற் பலர் புரளுவதன் விளைவை அவர்கள் அறியாமலா அப்படிச் செய்தார்கள்?

நம்முடைய வீடுகளிலும் இந்த அறிவு இருந்தது. அம்மாள் வருத்தம் கண்ட வீட்டுப் படலையிலே வேப்பிலை செருகியிருக்கும். கண்டவர்கள் உள்ளே போகார். அவ்வீட்டாரும் கோயிலுக்கோ கலியாணத்துக்கோ போகார். யாரும் அதைக் கோழைத்தனமென்று சொன்னதில்லை. வராமலிருந்ததே அவர்கள் ஊருக்குச் செய்த மரியாதை.

யப்பானிலும் அப்படியொரு காட்சியை 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உலகம் கண்டது. சூமோ மல்லர்கள் களமேறுமுன் ஒரே அகப்பையில் நீரை ஒருவருக்கொருவர் கொடுத்து வாய் கொப்புளிப்பது வழக்கம். கொவிட் பரவிய அந்த மாதம் ஒசாக்காவில் பார்வையாளர் இல்லாமலே போட்டி நடந்தது. அகப்பையைக் கொடுத்தார்கள், வாங்கினார்கள், வாயருகே கொண்டுபோனார்கள், உதட்டிலே படவிடவில்லை. சடங்கும் நின்றது, மற்றவன் உயிரும் மதிக்கப்பட்டது. அப்படியிருந்தும் மே மாதம் 28 வயதுடைய சூமோ மல்லர் ஒருவர் அந்நோயால் இறந்தார். தசையும் பருமனும் அவரைக் காக்கவில்லை.

காலில் சுளுக்கு, தோளில் நோவு என்று வருபவன் விரிப்பின் ஓரத்திலிருந்து பார்த்துக் கற்பதற்கு யூடோவிலே இடமுண்டு. 'மிதோரி கெய்கோ' என்பர், பார்த்துப் பழகுதல். காய்ச்சற்காரனுக்கு அந்த ஓரமும் ஆகாது, வீடே ஆகும். தோல் நோய் மட்டும் உள்ளவன் புண்ணை மூடிக்கொண்டு கதிரையிலிருந்து பார்க்கலாம், விரிப்பிலே இருக்கலாகாது.

ஆசிரியரிடம் பேசி இரண்டு காரியங்களுக்குச் சம்மதம் பெற்றிருக்கிறேன். வகுப்புக்கு முன்னும் பின்னும் விரிப்பைக் கிருமிநாசினியால் துடைப்பது ஒன்று. முதற் கிழமை அந்த வேலை என்னுடையது. மற்றது வரவுப் புத்தகத்தைப் பற்றியது. இதுவரை அதில் வந்தவர், வராதவர் என இரண்டு நிரல்களே இருந்தன. இனி மூன்றாவது நிரல் ஒன்று இருக்கும். நோயென்று முன்கூட்டி அறிவித்து வீட்டில் நின்றவர்களுக்கு அதிலே அடையாளமிடப்படும். பட்டித் தேர்வுக்கு வரவு பார்க்கும்போது அது வந்ததாகவே கொள்ளப்படும். என்ன நோயென்று எழுதப்படமாட்டாது. அறிவிக்கவேண்டிய தொலைபேசி இலக்கத்தை வாயிற் பலகையில் ஒட்டியிருக்கிறோம். போகும்போது தயவுசெய்து குறித்துக்கொண்டு போங்கள்.