அரசு ஒப்பந்தமும் அறநெறியும்
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்வி கற்றவர்கள் அரசு வேலையை மட்டுமே நாடியிருந்த நிலை மாறி, அரசுக்குப் பணி செய்து தரும் ஒப்பந்ததாரர்களாகவும் நம்மவர் சிலர் உயர்ந்து வருகின்றனர். இவ்வழி தானாகத் திறந்ததன்று. 1942-ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் வைசிராய்க்கு அளித்த மனுவிலேயே, அரசு ஒப்பந்தங்களில் நம் மக்களுக்குப் பங்கில்லாத குறையை எடுத்துரைத்தார். எழுபது ஆண்டுகள் கழித்து, 2012-ஆம் ஆண்டின் மைய அரசுக் கொள்முதல் ஆணை, அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவனவற்றில் நூற்றுக்கு 4 பங்கைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் சிறு நிறுவனங்களிடம் பெறுதல் வேண்டும் என விதித்தது.

அரிதிற் பெற்ற இவ்வுரிமையைக் கரையானாய் அரிப்பது பெயரை வாடகைக்கு விடும் வழக்கமாகும். வசதி படைத்த ஒருவர் நம் இளைஞனை அணுகி, "உன் பெயரில் நிறுவனம் இருக்கட்டும், நீ கையெழுத்திட்டால் போதும்" என்பார். கூட்டு நிறுவனமாயின் நம்மவர்க்கு நூற்றுக்கு 51 பங்கேனும் இருத்தல் வேண்டும் என்பது விதி. அப்பங்கு காகிதத்தில் இருக்கும். இலாபமோ அவர் பெட்டியில் இருக்கும். வரிப்பாக்கியும் வழக்கும் கையெழுத்திட்டவன் தலையில் விழும். அரசுக் கணக்கோ இலக்கு நிறைவேறியதாகக் காட்டும். உண்மையாகவே தொழில் செய்யும் நம் சகோதரன் வாசலில் நிற்பான். ஒருவன் விற்பது தன் பெயரை மட்டுமன்று. ஒரு சமுதாயத்தின் பங்கையே விற்கிறான்.

போட்டியாளர்கள் கூடிப்பேசி விலை குறிப்பதும் தவறே. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அதனைத் தடை செய்கிறது. கட்டுப்படியாகாத விலை கூறிப் பணியைப் பெற்று, சிமெண்டைக் குறைத்து ஈடுகட்டுவதோ அதனினும் கொடிது. அவ்வாறு எழும் பள்ளியின் கூரைக்கடியில் அமரப்போவது ஏழையின் குழந்தையன்றோ?

"கமிஷன் கொடாமல் பணி கிடைக்குமா? பிறர் செய்வதைத்தானே நாமும் செய்கிறோம்?" என்று சிலர் வினவுகின்றனர். நேர்வழி எளிதென்று நான் கூறவில்லை. பிறர் தவறினால் அவரையே பழிக்கும் உலகம், நம்மில் ஒருவன் தவறினால் நம் அனைவரின் உரிமையையும் பழிக்கிறது. இது அநீதியே. எனினும் அதற்கு அஞ்சி மட்டும் நாம் நேர்மையாயிருத்தல் வேண்டா. செலவாவது பொதுப்பணம் என்பதே போதிய காரணம்.

நேர்வழிக்குத் துணையும் உண்டு. மேற்சொன்ன ஆணையின்படி சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தப்புள்ளிப் படிவம் இலவசம். முன்வைப்புத் தொகையும் இல்லை. பெரிய நிறுவனம் குறைந்த விலை கூறியிருப்பினும், அதற்குமேல் நூற்றுக்கு 15 வரை கூடுதலாகக் கூறிய சிறு நிறுவனம், அவ்விலைக்கு இறங்கி வந்தால் ஒரு பகுதியைப் பெறலாம். புறக்கணிக்கப்பட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் காரணம் கேட்கலாம்.

ஆகவே, மதிப்பீடு தயாரிக்கவும் கணக்கெழுதவும் இக்கழகம் நம் இளைஞர்க்குப் பயிற்சியளிக்க வேண்டுகிறேன். தொழில் தெரிந்தவன் தன் பெயரை எவர்க்கும் வாடகைக்கு விடான்.