பசியாறிவிட்டான், சத்து கிடைத்ததா?



"பிள்ளை பசியாறிவிட்டானா?" இது காலையில் தமிழ் வீடுகளில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி. "ஆயிற்று" என்று பதில் வந்தால் வீடு நிம்மதி அடைகிறது. இரண்டு பிஸ்கட்டும் ஒரு குவளைத் தேநீரும் பசியாறல்தான்; மூன்று தோசையும் சாம்பாரும் பசியாறல்தான். இரண்டுக்கும் ஒரே பதில் வருவதால், கேள்வியைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.

சுங்காய் போன்ற ஊர்களில் இந்த மாற்றம் இன்னும் அவசியம். ரப்பர்த் தோட்டக் காலத்தில் பெரட்டுக்குப் போகும் தாய் இருட்டிலேயே எழுந்து சமைத்துவிடுவாள். பழைய சோறோ, கஞ்சியோ, வரக்கோப்பியோ, எதுவானாலும் அடுப்பு எரிந்தது. அந்த உணவு சத்து மிகுந்தது என்று சொல்ல முடியாது. வறுமையைப் பொற்காலம் ஆக்கவும் வேண்டாம். தோட்டம் செம்பனைக்கு மாறியது, குடும்பங்கள் பட்டணத்து வீடுகளுக்கு வந்தன. தாயும் தந்தையும் விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் வீட்டில் இன்று பிள்ளையின் கையில் பசியாறலுக்குப் பதில் காசு இருக்கிறது. ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் சூரியன் எழும் இந்த ஊர்களில், அதற்கு முன்பே பள்ளிப் பேருந்து வாசலில் வந்து நிற்கிறது.

சரி, ஒரு பசியாறலின் தரத்தை எப்படி அளப்பது? ஒரு நாளைக்குத் தேவையான சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்குவரை காலையில் கிடைக்க வேண்டும் என்பது ஊட்டச்சத்து வல்லுநர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. அந்தச் சக்தி எதிலிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. தட்டில் முட்டை, பருப்பு, கடலை, பால் இவற்றில் ஒன்றாவது இல்லாவிட்டால் வயிறு நிறையும். ஓய்வு மணி அடிக்கும் முன்பே மறுபடி பசிக்கும்.

அடுத்தது சீனி. டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். தேநீரில் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் சுமார் 20 கிராம் சீனி சேர்ந்துவிடும். சேர்க்கப்படும் சர்க்கரை நாளின் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்றது. 1,600 கலோரி தேவைப்படும் ஒரு பிள்ளைக்கு அந்தப் பத்தில் ஒரு பங்கு 40 கிராம். அதாவது, பள்ளி மணி அடிப்பதற்குள் நாளின் பாதி அளவு ஒரே குவளையில் போய்விடுகிறது. டின் பாலைப் பால் என்று நம்பித்தான் பல தாய்மார்கள் கொடுக்கிறார்கள்.

நாட்டின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி 5 முதல் 17 வயதுவரையுள்ளோரில் 29.8 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். அதே ஆய்வில் பெரியவர்களிடையே நீரிழிவு இந்தியர்களிடம்தான் மிக அதிகம். பெற்றோருக்கு இனிப்பு நீர் என்று தெரிந்த வீட்டிலும் பிள்ளையின் குவளையை யாரும் அளப்பதில்லை.

நாசி லெமாக்கைத் திட்டுவது சிலருக்கு வழக்கம். அதில் நெத்திலி, கச்சான், வெள்ளரிக்காய், முட்டை எல்லாம் உண்டு. மலிவான பொட்டலத்தில்தான் சோறும் சம்பாலும் மிஞ்சி, முட்டை கால் துண்டாகிவிடுகிறது. முழு முட்டை கேட்டு வாங்கி, பக்கத்தில் சிரப் தண்ணீரைத் தவிர்த்தால் அதுவே நல்ல உணவு. இட்லி, தோசையும் அப்படித்தான். அரிசியும் உளுந்தும் சேர்ந்தது பெரிய பலம். ஆனால் பருப்பும் காயும் போட்ட சாம்பார் இல்லாமல் சட்டினியோடு முடித்தால் பாதிப் பலன்தான். ரொட்டி சானாய் மைதாவும் கொழுப்பும். அதன் பருப்புக் குழம்பு பல கடைகளில் தண்ணீராக ஓடுகிறது.

இடைநிலைப் பள்ளி மாணவிகள் தனிக் கவனத்துக்குரியவர்கள். மாதவிடாய் தொடங்கிய வயதில் இரும்புச்சத்துத் தேவை கூடுகிறது. உணவோடு குடிக்கும் தேநீர் அந்தச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும். வைட்டமின் சி உதவும். சுங்காய்க்குப் பக்கத்திலேயே கொய்யாவுக்குப் பேர்போன பீடோர் இருக்கிறது. தேநீரைச் சற்றுத் தள்ளிவைத்து ஒரு துண்டு கொய்யா கொடுப்பதற்குப் பெரிய செலவில்லை. எடை குறைக்க நினைத்துக் காலை உணவையே விட்டுவிடும் பிள்ளைகளும் இந்த வயதினர்தான்.

அரசின் கூடுதல் உணவுத் திட்டம் 1979இல் தொடங்கியது. அது தொடக்கப்பள்ளிக்கானது, ஆறாம் ஆண்டு முடிந்ததும் அந்தத் தட்டு நின்றுவிடுகிறது. எல்லாத் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கும் 2020 முதல் இலவசக் காலை உணவு என்ற அறிவிப்பும் அறிவித்தபடி நடைமுறைக்கு வரவில்லை. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவற்றோடு காய்கறிச் சாம்பாரும் பட்டியலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கவனிக்க வேண்டியது அந்தச் சாம்பார் வரிதான்.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையைப் பற்றிப் பேசும்போது பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் விலையோடு இதையும் கேட்கலாம்: காலையில் அவித்த முட்டை கிடைக்குமா, சீனி போடாத பானம் ஏதாவது உண்டா? வீட்டில் என்றால் வேலை முதல்நாள் இரவே முடிந்துவிட வேண்டும். கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்து, முட்டையையும் அவித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், பேருந்து ஹாரன் அடிப்பதற்குள் பதினைந்து வயதுப் பையன் தானே எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவான்.